பனாமாவில் மூன்று பாலங்களும் ஒரு அண்ணனும்

வியாழன், பனாமா சிட்டி

அண்ணன் பல்போவா துறைமுகத்தில் சைன் ஆஃப் ஆகிறான், அதாவது பணிக்காலம் முடிந்து கப்பலிலிருந்து இறங்குகிறான் என்று தெரிந்த அன்றே ஹூஸ்டனிலிருந்து டிக்கெட் போட்டுவிட்டேன். கப்பலில் சீஃப் எஞ்சினியர். பனாமா கால்வாயை எத்தனையோ தடவை கடந்தவன். ஆனால் அதன் மேலிருக்கும் ஒரு பாலத்தைக்கூட நின்று பார்த்ததில்லையாம். "கால்வாய் தாண்டுத வரைக்கும் நான் எஞ்சின் ரூம்லதாம்ட்டி கெடப்பேன். மேல பாலம் இருந்தா என்ன, பந்தல் இருந்தா என்ன?" ஏர்போர்ட்டிலேயே ஆரம்பித்துவிட்டான்.

நான் பாலக்காரி. டிசைன் ஆபீஸுக்குப் போகும் முன் சைட்டில் ஸ்டே கேபிள் இழுக்கும் வேலையில் இருந்தேன். அவனுக்குக் கப்பல்தான் எஜமான், பாலம் வழியில் நிற்கிற தொந்தரவு. எனக்கு நேர் எதிர். தூத்துக்குடியில் அம்மாவுக்கு போன் போட்டு, இருவரும் ஒரே ரூமில்தான் தங்குகிறோம், சண்டை போடமாட்டோம் என்று உறுதி கொடுத்தாயிற்று.

திட்டம் இதுதான். ஏறக்குறைய 80 கிலோமீட்டர் நீளக் கால்வாயின் குறுக்கே, கப்பல்களை மறிக்காமல் உயரத்தில் போகும் பாலங்கள் மூன்று. பசிபிக் வாயில் 1962-ல் திறந்த இரும்பு வளைவுப் பாலம், அமெரிக்காக்களின் பாலம். நடுவில் மலையை வெட்டிய இடத்தில் 2004-ன் நூற்றாண்டுப் பாலம். அட்லாண்டிக் வாயில் 2019-ன் அட்லாண்டிக் பாலம். பின்னவை இரண்டும் கேபிள் பாலங்கள், உயரமான கோபுரங்களிலிருந்து சாய்வாக இழுத்துக் கட்டிய ஸ்டே கேபிள்கள் சாலையைத் தூக்கிப் பிடிப்பவை. நான் வந்தது அவற்றுக்காக.

இரவு மீன் மார்க்கெட்டில் செவிச்சே. எலுமிச்சைச் சாற்றிலேயே ஊறிய பச்சை மீன். அண்ணன் ஒரு வாய் வைத்துவிட்டு, "இத வேக வச்சுத் தரமாட்டாங்களா?" என்று கேட்டு, பக்கத்துக் கடையில் வறுத்த மீனும் வாழைக்காய் பட்டக்கோனும் வாங்கிக்கொண்டான்.

வெள்ளி, அங்கோன் மலை

ஊருக்குள்ளேயே ஒரு மலை. உச்சியில் பிரம்மாண்டமான பனாமா கொடி. வெயில் ஏறுவதற்குள் நடந்து ஏறிவிடலாம். மேலிருந்து ஒரு பக்கம் கண்ணாடிக் கட்டடங்கள், மறுபக்கம் பல்போவா துறைமுகம், அதற்கப்பால் அமெரிக்காக்களின் பாலம்.

அழகான பாலம், மறுக்கவில்லை. மொத்த நீளம் 1654 மீட்டர், நடு வளைவு 344 மீட்டர். அது திறக்கப்பட்டபோது கால்வாய் மண்டலம் அமெரிக்கர் கையில் இருந்தது. அவர்கள் வைத்த பெயர் தாட்சர் ஃபெர்ரி பாலம். அதற்கு முன் அங்கே ஓடிய படகின் பெயர். பனாமாக்காரர்கள் ஒப்பவில்லை. அமெரிக்காக்களின் பாலம் என்றே சொல்லிச் சொல்லி நிலைக்க வைத்துவிட்டார்கள்.

திறப்பு விழாவுக்கு 4 சென்ட் தபால்தலை ஒன்று போட்டார்கள். வெள்ளி நிறத்தில் பாலத்தை அச்சிடும் சுற்று சில தாள்களில் விட்டுப்போனது. நிலம் இருக்கிறது, நீர் இருக்கிறது, பாலம் மட்டும் இல்லை. அதில் ஒரு தாள் வியாபாரி ஒருவர் கைக்குப் போய்விட்டது. மண்டல நிர்வாகம், வேண்டுமென்றே இன்னும் நிறையப் பாலமில்லாத தலைகளை அச்சிட்டு அதன் அருமையைக் கெடுக்கப் பார்த்தது. அவர் கோர்ட்டுக்குப் போய்த் தடுத்தார். பாலத்தைவிடப் பாலம் இல்லாத தலைக்குத்தான் இன்றைக்கு விலை.

இந்தப் பாலத்தில் அண்ணனுக்குத் தெரிந்த ஒரே எண் அதன் அடிப்பக்க உயரம். உயர் நீர் வேளையில் 61.3 மீட்டர். கப்பலில் நீர்மட்டத்திலிருந்து உச்சிக் கம்பம் வரையுள்ள உயரத்தை ஏர் டிராஃப்ட் என்பார்கள். இந்தக் கால்வாயில் அதற்கு வரம்பு 57.91 மீட்டர். நீர் வற்றிய வேளையில் தனி அனுமதி வாங்கினால் 62.5 வரை போகலாம். பசிபிக் பக்கம் கடல் ஏறி இறங்குவது 6 மீட்டர் வரைகூட இருக்கும். அட்லாண்டிக் பக்கம் ஓரடிதான். ஆகவே பெரிய கப்பல்கள் இந்தப் பாலத்துக்காகவே வற்றுக்குக் காத்திருந்த கதைகள் உண்டு.

"ஏட்டி, நாளைக்குப் பாக்கப் போற பாலத்துக்கு உயரம் எவ்வளவு?"

"80 மீட்டர்."

"கடைசிப் பாலம்?"

"75."

"அப்போ கால்வாய் முழுசும் தாண்டுத கப்பல், இந்தப் பழைய பாலத்துக்குக் கீழதான குனியணும்? அங்க 80 வச்சு என்ன பிரயோஜனம்?"

சரியான கேள்வி. கால்வாயில் அதிகாரம் எப்போதும் மிகத் தாழ்ந்த பாலத்துக்குத்தான். புதுப் பாலங்கள் இரண்டும் தங்கள் உயரத்தைத் தங்கள் காலத்துக் கப்பலுக்காக வைத்துக்கொள்ளவில்லை. பழையது ஒருநாள் வழிவிடும் என்று நம்பி வைத்திருக்கின்றன. பாலத்தின் வயது நூறு வருஷம் என்று எழுதிவிட்டு டிசைன் செய்கிறோம். கப்பல்கள் அவ்வளவு காலம் சும்மா இருப்பதில்லை.

சனி, படகில்

அமடோர் கரையிலிருந்து காலையில் கிளம்பி, பாதிக் கால்வாய் வரை கூட்டிப்போகும் சுற்றுலாப் படகு. கம்போவாவில் இறக்கிவிட்டு பஸ்ஸில் திருப்பி அழைத்து வருவார்கள். டிக்கெட் விலை அதிகம்தான். ஆனால் பாலத்தைக் கீழிருந்து பார்க்க இதைவிட்டால் வழியில்லை. 

முதலில் பழைய பாலத்தின் அடியில். இரும்புச் சட்டங்களுக்கிடையே லாரிகள் ஓடும் சத்தம் தண்ணீர்மேல் விழுந்து திரும்புகிறது. கீழே தூண்களைச் சுற்றிக் காப்புக் கட்டைகள் இருப்பதை அண்ணன்தான் காட்டினான். 2010 மே மாதம் எஞ்சின் நின்றுபோன சரக்குக் கப்பல் ஒன்று வந்து இவற்றில் முட்டியது. காப்பு வாங்கிக்கொண்டது, பாலம் தப்பியது. 2024 மார்ச்சில் பால்டிமோரில் அப்படித் தப்பவில்லை. எஞ்சின் ரூம் ஆள் என்பதால் அந்த வீடியோவை அவனால் முழுசாகப் பார்க்க முடியவில்லையாம். "கரண்ட் போச்சுன்னா சுக்கான் போச்சு. அதுக்கப்புறம் நீ என்ன பெரிய எஞ்சினியரா இருந்தாலும் வேடிக்கைதான் பாக்கணும்."

கப்பலைப் படிப்படியாகத் தூக்கும் நீர்த்தொட்டிகள் மிராஃப்ளோரஸில் இரண்டு படி, பெட்ரோ மிகேலில் ஒரு படி. ஒவ்வொரு தொட்டியிலும் நீர் ஏறி, படகு 26 மீட்டர் உயர ஏரி மட்டத்துக்கு வந்துவிடுகிறது. எங்களுக்கு முன்னால் ஒரு பெரிய கப்பல். இரு பக்கமும் தண்டவாளத்தில் கோவேறு கழுதை என்று பெயர் வைத்த எஞ்சின்கள் அதைக் கம்பியில் பிடித்துக்கொண்டு நகர்கின்றன. இங்கே தொட்டியின் அகலம் 33.5 மீட்டர். கப்பல்காரர்கள் இதற்கு அளவெடுத்தே கப்பல் கட்டினார்கள். 2016-ல் பக்கத்திலேயே 55 மீட்டர் அகலத் தொட்டிகள் வந்தன.

கடைசித் தொட்டியின் கதவு திறந்ததும் முன்னால் நூற்றாண்டுப் பாலம்.

கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். நீரிலிருந்து 80 மீட்டர் மேலே சாலை, 184 மீட்டர் உயரத்தில் இரண்டு பைலான்கள், அதாவது கேபிள்களைத் தாங்கும் கோபுரங்கள். ஒவ்வொரு பக்கமும் ஓரமாகக் கேபிள் கட்டாமல், சாலையின் நடுவே ஒற்றை வரிசையாக நட்டிருக்கிறார்கள். ஆறு வழிச்சாலையை நடுமுதுகில் மட்டும் பிடித்துத் தூக்கினால் என்ன ஆகும்? ஒரு பக்கம் மட்டும் லாரிகள் நின்றால் டெக், அதாவது சாலையைத் தாங்கும் தளம், முறுக்கிக்கொள்ளப் பார்க்கும். கேபிள் அதைத் தடுக்க உதவாது. அதனால்தான் டெக்கைக் காலிப் பெட்டி மாதிரி, உள்ளே வெற்றிடம் விட்டு, மூடிய வடிவில் செய்கிறார்கள். மூடிய பெட்டி முறுக்குக்கு அசையாது. கீழிருந்து பார்த்தால் அந்த அடிப்பலகையில் சில மீட்டருக்கு ஒரு கோடு தெரிகிறது. ஒவ்வொரு கோடும் ஒரு செக்மென்ட் முடிந்து அடுத்தது தொடங்கிய இடம். படகில் இருந்தவர்கள் எல்லாரும் கப்பலைப் படமெடுக்க, நான் கழுத்து வலிக்க அந்தக் கோடுகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அடியில் ஒரு முட்டுக்கட்டைகூட நிறுத்தாமல் இதைக் கட்டியது எப்படி என்பதுதான் எல்லாரும் கேட்பது. முதலில் பைலான். அதிலிருந்து இடப்பக்கம் ஒரு துண்டு, வலப்பக்கம் ஒரு துண்டு. தண்ணீர்க் காவடி தூக்குகிறவர் ஒரு குடத்தை மட்டும் நிரப்பிவிட்டு எழுந்தால் என்ன ஆகுமோ அதேதான் இங்கேயும், எனவே இரு பக்கமும் சமமாகவே வளர வேண்டும். ஏற்கெனவே முடிந்த டெக்கின் நுனியில் ஃபார்ம் டிராவலர் என்கிற இரும்புச் சட்டகம் தொங்கும். அதற்குள் கம்பி கட்டி, கான்கிரீட் ஊற்றி, இறுகியதும் அந்தத் துண்டுக்கான கேபிளை இழுத்து, சட்டகத்தை முன்னால் நகர்த்த வேண்டும். மறுபடி அதே வேலை. கால்வாயின் நடுவில் எதிர்ப்பக்கத்துக் கை வந்து தொடும் வரை இதுதான் வாழ்க்கை. கீழே கப்பல் போய்க்கொண்டே இருக்கும்.

இந்தப் பாலத்தின் டிசைன் டி.ஒய். லின் இன்டர்நேஷனல், கட்டியது ஜெர்மனியின் பில்ஃபிங்கர் பெர்கர். மலையை வெட்டிய இந்தப் பகுதிக்குப் பெயர் கூலேப்ரா வெட்டு, இங்கே நேர்ப்பகுதியில் 192 மீட்டர் அகலம்தான். பாலத்தின் நடு இடைவெளியோ 420 மீட்டர். வீண் செலவு என்று தோன்றும். பைலான் எதுவும் தண்ணீரில் இறங்கக் கூடாது, அது ஒன்று. அதைவிடப் பெரிய காரணம், மேற்குப் பைலானைக் கரையிலிருந்து 50 மீட்டர் உள்ளே தள்ளி வைத்தார்கள். பின்னாளில் வெட்டை அகலப்படுத்தினாலும் இடம் இருக்கட்டும் என்று. இல்லாத கப்பலுக்காக, வெட்டப்படாத வாய்க்காலுக்காக, பாலத்தை நீட்டியிருக்கிறார்கள். நான் இதுவரை பார்த்த டிசைன் முடிவுகளில் எனக்கு மிகவும் பிடித்தவற்றில் இது ஒன்று.

அண்ணன் எவ்வளவு நேரம் மேலே பார்த்தான் என்று கேட்கிறீர்களா? பாலத்தின் நிழல் படகைத் தாண்டும் வரை பார்த்தான். பிறகு, "நல்லாத்தான் இருக்கு" என்றான். அவன் வாயில் இது பாராட்டு விழாவுக்குச் சமம்.

ஞாயிறு, ரூமில்

விடிந்ததிலிருந்து மழை. எங்கும் போகவில்லை. போகாததும் நல்லதுதான், நேற்று எழுதாமல் விட்ட கதை ஒன்று மழைக்குத் தோதானது.

நூற்றாண்டுப் பாலத்துக்கு விழா எடுத்தது 2004 ஆகஸ்ட் 15. கால்வாய் திறந்து சரியாக 90 வருஷம். அப்போதைய அதிபர் மிரேயா மோஸ்கோசோவின் பதவிக்காலம் முடிய இரண்டு வாரம் பாக்கி. பாலம் தயார். பாலத்துக்குப் போக ரோடு தயாரில்லை. வண்டிகள் ஓட ஆரம்பித்தது 2005 செப்டம்பர் 2-ல். நம்மூர் மேம்பாலங்களை மட்டும் கிண்டலடிக்க வேண்டாம் என்பதற்காக இதைக் குறிப்பிடுகிறேன்.

ரோடு ஏன் கஷ்டம் என்றால், மண். இரு பக்கமும் மலை இருப்பதால் பாலத்துக்கு உயரம் இலவசமாகக் கிடைத்தது. நீளமான ஏற்றப் பாலங்கள் தேவைப்படவில்லை. ஆனால் அந்த மலை நம்பத் தகுந்த மலையில்லை. பிரெஞ்சுக்காரர்கள் 1880-களில் வெட்ட ஆரம்பித்த நாளிலிருந்தே சரிந்தது. அமெரிக்கர்கள் வெட்டியபோதும் சரிந்தது. கால்வாயைத் திறந்த மறு வருஷமே, 1915 செப்டம்பரில், கூலேப்ராவில் மலை இறங்கி வழியை அடைத்தது. 1916 ஏப்ரல் வரை ஒரு கப்பலும் போகவில்லை. களிமண்ணுப் பாறை மழைநீரைக் குடித்துவிட்டால் பிறகு எந்தச் சரிவும் அதற்குச் செங்குத்துதான்.

2010 டிசம்பர் ஆரம்பத்தில் பெய்த பெருமழையில் கால்வாயையே 17 மணி நேரம் மூடினார்கள். அதே மழையில் நூற்றாண்டுப் பாலத்துக்கு ஏறும் ரோடு சரிந்து போனது. பாலத்துக்கு ஒரு கீறல் இல்லை. ஆனால் ஏற வழியில்லை. வண்டிகள் எல்லாம் பழைய பாலத்துக்குத் திரும்பி அங்கே நெரிசல்.

கேபிள் பாலம் பற்றிப் பேசும்போது எல்லாரும் கேபிளையே பேசுகிறோம் (நானும்தான்). 420 மீட்டர் அந்தரத்தில் தொங்குகிற கான்கிரீட் கணக்குக்கு அடங்கிவிடுகிறது. பாலம் தரையைத் தொட்ட பிறகு வரும் முதல் 200 மீட்டர்தான் அடங்கமாட்டேன் என்கிறது. மண் பரிசோதனைக்கு எவ்வளவு துளை போட வேண்டும் என்று பட்ஜெட் கூட்டத்தில் பேரம் பேசுகிறவர்களைக் கூட்டிக்கொண்டு வந்து இங்கே ஒரு மழைக்காலம் தங்க வைக்கலாம்.

திங்கள், கோலோன்

வாடகைக் காரில் அதிகாலையிலேயே கிளம்பிவிட்டோம். எக்ஸ்பிரஸ் ரோட்டில் கோலோன் ஒரு மணி நேரச் சொச்சம். ஊரின் சுதந்திர வணிக மண்டலத்தில் சிந்தி வியாபாரிகள் நிறையப் பேர். நாங்கள் ஊருக்குள் நிற்காமல் நேரே அகுவா கிளாரா பார்வை மையத்துக்குப் போனோம். புதிய தொட்டிகள் ஒரு பக்கம். வடக்கே தலையைத் திருப்பினால் அட்லாண்டிக் பாலம்.

முதல் பார்வையிலேயே தெரிவது, இது வேறு ஜாதி. நேற்று முன்தினம் பார்த்தது மலைக்கும் மலைக்கும் நடுவில் இருந்தது. இங்கே மலையே கிடையாது. கடலோரத் தட்டை நிலம், சதுப்பு, காடு. 75 மீட்டர் உயரத்தை ஒவ்வொரு மீட்டராகக் காசு கொடுத்து வாங்க வேண்டும். நூறு மீட்டருக்கு ஐந்து மீட்டர் ஏற்றம் வைத்தால்கூட ஒரு பக்கத்துக்கு ஒன்றரை கிலோமீட்டர். அதனால்தான் கேபிள் பகுதி 1050 மீட்டர் என்றால், இரு பக்க ஏற்றப் பாலங்களையும் கூட்டினால் அதைவிட நீளம்.

நடு இடைவெளி 530 மீட்டர். முழுக்கக் கான்கிரீட் டெக் உள்ள கேபிள் பாலங்களில், திறந்தபோது உலகிலேயே மிக நீளமான இடைவெளிகளில் ஒன்று இது. பைலான் 212.5 மீட்டர். கட்டியது பிரான்ஸின் வின்சி. 2013 தொடக்கத்தில் வேலை ஆரம்பித்து 2019 ஆகஸ்ட் 2-ல் திறந்தார்கள். கட்டச் சொன்னது கால்வாய் நிர்வாகமே. பாலத்துக்குச் சொந்தக்காரரும் கப்பலிடம் காசு வாங்குகிறவரும் ஒரே ஆள் என்றால், கப்பல் போக்கை எவ்வளவு நிறுத்தலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

இவ்வளவு பெரிய இடைவெளிக்கு ஏன் இரும்பு டெக் போடவில்லை என்று யாராவது கேட்கலாம். கான்கிரீட் கனம் அதிகம்; கனம் கூடினால் கேபிளும் கூடும். 530 மீட்டருக்குப் பலரும் இரும்பைத்தான் யோசிப்பார்கள். ஆனால் உப்புக்காற்றும் ஓயாத ஈரமும் உள்ள இடத்தில் இரும்புக்குக் காலம் முழுதும் பெயிண்ட் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். நான் இருந்தாலும் கான்கிரீட் பக்கம்தான் கை தூக்கியிருப்பேன். இங்கே கேபிள்கள் டெக்கின் இரு ஓரத்திலும் இரண்டு வரிசை. ஓரத்தில் பிடித்துவிட்டால் முறுக்குக் கவலை குறையும், பெட்டி வடிவம் அவசியமில்லை, கனமும் கொஞ்சம் மிச்சம்.

காரில் பாலத்தைக் கடந்தோம். கேபிள்கள் இரு பக்கமும் விரிந்து விரிந்து போக, அண்ணன் ஜன்னலை இறக்கிவிட்டு, "இந்தக் குழாய் ஒண்ணுக்குள்ள என்னதாம்ட்டி இருக்கு?" என்றான். பல வருஷமாக நான் எதிர்பார்த்த கேள்வி.

குழாய்க்குள் ஒரே கயிறு கிடையாது. ஸ்ட்ராண்டுகள். ஒவ்வொன்றும் ஏழு இரும்புக் கம்பி சேர்ந்த 15.7 மில்லிமீட்டர் புரி. துத்தநாகம் பூசி, மெழுகு நிரப்பி, மேலே பிளாஸ்டிக் தோல் போட்டிருக்கும். ஒரு ஸ்ட்ராண்ட் அறுக்க ஏறக்குறைய 28 டன் வேண்டும். ஆனால் அதில் பாதிக்கும் கீழே, 45 சதவீதம் வரைதான் வேலை வாங்குவோம். லாரி ஓட ஓட ஏறி இறங்கும் சுமையில் இரும்பு களைத்துப்போகும் என்பதால். நீளமான கேபிளில் இப்படிப் பல பத்து ஸ்ட்ராண்ட். இழுக்கும்போது மொத்தமாக இழுப்பதில்லை. சின்ன ஜாக் ஒன்றை வைத்துக்கொண்டு ஒன்றொன்றாக. முதல் ஸ்ட்ராண்டை இழுத்துவிட்டு இரண்டாவதை இழுத்தால் டெக் கொஞ்சம் மேலே வரும், முதலாவது தொய்யும். ஆகவே முதலாவதில் ஒரு லோட் செல் மாட்டி, அது காட்டும் பாரத்துக்கே அடுத்தடுத்ததை இழுத்துக்கொண்டு போனால், கடைசியில் எல்லாவற்றிலும் ஒரே பாரம் நிற்கும். முனையில் மூன்று துண்டு வெட்ஜ், அதாவது ஆப்பு, கடித்துக்கொள்ளும். ஜாக்கை விடும்போது அந்த வெட்ஜ் சில மில்லிமீட்டர் உள்ளே போய் 'டக்' என்று ஒரு சத்தம் வரும். சைட்டில் இருந்தவர்களுக்கு அது நன்றாக உட்கார்ந்ததா இல்லையா என்பது காதிலேயே தெரியும்.

வெளிக்குழாயைக் கிட்டப் போய்ப் பார்த்தால் திருகு மாதிரி ஒரு மெல்லிய வரம்பு சுற்றிப் போகும். அலங்காரம் இல்லை. மழை பெய்யும்போது வழவழப்பான குழாயின் மேல் நீர் ஒரே கோடாக ஓடும். காற்றும் சேர்ந்தால் அந்தச் சிற்றோடை குழாயின் வடிவத்தையே மாற்றி, கேபிள் ஆட ஆரம்பிக்கும். பெரிய புயல் வேண்டாம், மிதமான காற்றே போதும். நான் இருக்கிற ஊர்ப் பக்கத்தில், ஹூஸ்டன் கப்பல் வாய்க்கால் மேல் 1995-ல் திறந்த ஃப்ரெட் ஹார்ட்மன் பாலத்தில் கேபிள்கள் இப்படி ஆடி, பிறகு ஆட்டத்தை அடக்கும் டாம்பர்கள் மாட்டினார்கள். இந்தத் திருகு வரம்பு நீர்க்கோட்டை உடைத்துவிடுகிறது. ஒரு சாண் பிளாஸ்டிக் செய்கிற வேலை.

மேற்குக் கரையில் இறங்கி, சாலையோரக் கடை ஒன்றில் தேங்காய்ப் பாலில் வேகவைத்த சோறும் பயறும் கோழியும். கால்வாய் வெட்ட பார்படோஸ், ஜமைக்கா தீவுகளிலிருந்து வந்த தொழிலாளர்களின் சமையல். கால்வாய் வேலையில் உயிரை விட்டவர்களில் பெரும்பாலோர் அவர்களே. அமெரிக்கர் காலத்தில் மட்டும் 5600 பேர் கணக்கில் வருகிறார்கள். பிரெஞ்சுக்காரர் காலத்தில் 20000-க்கும் மேல் என்பார்கள்.

கடைக்கார அம்மாவிடம் அண்ணன் தன் துறைமுக ஸ்பானிஷில் பேச்சுக் கொடுத்தான். பாலம் வருமுன் இந்தக் கரைக்கு வர இரண்டே வழி. இந்தப் பக்கத்துப் பழைய காத்தூன் தொட்டிகளின் குறுக்கே இருந்த, பக்கவாட்டில் திரும்பும் பாலம். கப்பல் இல்லாத இடைவெளியில் மட்டும் வண்டிகளுக்குத் திறப்பார்கள். இல்லையென்றால் வண்டிப் படகு. பிரசவ வலி வந்தாலும் கப்பல் போன பிறகுதான் என்று அந்த அம்மா கையை விரித்துக் காட்டினார். அண்ணன் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டான். பிறகு தமிழில், "நாங்க தாண்டி முடிச்சாத்தான் இவங்களுக்கு வழி. இது தெரியாம கீழ ஏசி கண்ட்ரோல் ரூம்ல உக்காந்து டீ குடிச்சிருக்கேன்" என்றான். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஜெயித்த இடத்தில் வாயைத் திறந்தால் கெட்டது.

திரும்பும்போது பாலத்தின் நடுவில் அந்த மூட்டு எங்கே என்று தேடினேன். இரண்டு பக்கக் கைகளும் சேர்கிற கடைசித் துண்டு. அதற்கு நேரம் பார்ப்பது ராத்திரிதான். பகலில் வெயில் பட்ட டெக்கின் மேல்பக்கம் சூடாகி வளையும், கேபிள்கள் டெக்கைவிடச் சீக்கிரம் சூடாகி நீளும், நுனி சில சென்டிமீட்டர் இறங்கி ஏறும். எனவே மட்டம் பார்க்கும் சர்வே எப்போதும் விடிவதற்கு முன். இரண்டு நுனிகளையும் இரும்பு உத்திரத்தால் பூட்டி, குளிர்ந்த வேளையில் கான்கிரீட் ஊற்றி, காலை வெயில் இழுப்பதற்குள் அது கொஞ்சம் பலம் பிடிக்க வேண்டும். காரில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகையில் எந்த மூட்டும் தெரியவில்லை. தெரியவில்லை என்றால் வேலை சுத்தம்.

சான் லோரென்சோ கோட்டைக்கும் போனோம். சாக்ரஸ் ஆறு கடலில் விழும் முனை, 1671-ல் கொள்ளைக்காரன் மோர்கனின் ஆட்கள் பிடித்த கோட்டை, யுனெஸ்கோ இடம். நல்ல இடம், ஆனால் அதைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

செவ்வாய், பனாமா சிட்டி

ராத்திரி இருவருக்கும் ஃப்ளைட். காலையில் மறுபடி பழைய பாலத்துப் பக்கம். அதற்குச் சற்று வடக்கே நான்காவது பாலத்தின் வேலை நடக்கிறது. இதுவும் கேபிள் பாலம், நடு இடைவெளி 510 மீட்டர், ஆறு வழி. 2018-ல் சீனக் கம்பெனிகளின் கூட்டு ஒன்று டெண்டரை எடுத்தது. பிறகு பல வருஷம் இழுபறி. முதலில் மெட்ரோவின் மூன்றாவது லைன் மோனோரயிலும் இதே பாலத்தில் போவதாகத் திட்டம். பிறகு ரயிலைப் பாலத்திலிருந்து இறக்கி, கால்வாய்க்கு அடியில் சுரங்கம் தோண்ட முடிவு செய்தார்கள்.

எனக்கு இது கொஞ்சம் வருத்தம்தான், ஆனால் முடிவு புரிகிறது. ரயில் ஓடுகிற கேபிள் பாலத்துக்கு நுனி அசைவு, களைப்பு எல்லாவற்றுக்கும் கணக்கு இரட்டிப்பாகும், செலவும் கூடும். அதோடு கார் பாலத்தின் தாமதம் ரயிலையும் பிடித்து இழுத்திருக்கும். அண்ணனோ மகா சந்தோஷத்தில் இருந்தான். "பாத்தியா, கடைசில கப்பலுக்குக் கீழ போறதுதான் புத்திசாலித்தனம்னு அவங்களுக்கே தெரிஞ்சிருக்கு!"

போக நினைப்பவர்களுக்குச் சில தகவல். பாதிக் கால்வாய்ப் படகு தினமும் இருக்காது, தேதியைப் பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள். உட்கார மேல்தளத்தில் வலப்பக்கம் இடம் பிடித்தால் பைலானின் முழு உயரமும் தெரியும். மே முதல் டிசம்பர் வரை மழை, குடை உதவாது, ரெயின்கோட் எடுங்கள். அட்லாண்டிக் பாலத்தில் கார் நிறுத்தக் கூடாது. படமெடுக்க அகுவா கிளாராவே நல்ல இடம், காலையில் போனால் வெயில் முதுகுப் பக்கம். டாலர் எல்லா இடத்திலும் செல்லும். ஊரில் மெட்ரோவும் பஸ்ஸும் மலிவு, ஒரே கார்டில் இரண்டு பேரும் போகலாம். சைவக்காரர்கள் கவலைப்பட வேண்டாம், வாழைக்காயும் சோறும் பயறும் எங்கும் கிடைக்கும். அண்ணன் அடுத்து ஏறப்போவது நவம்பரில், பனாமா வழியாகப் போகும் கன்டெய்னர் கப்பலில். கால்வாய் தாண்டும்போது பத்து நிமிஷம் மேலே வந்து பார்க்க கேப்டனிடம் அனுமதி கேட்பானாம். செகண்ட் எஞ்சினியர் யாரென்று தெரிந்த பிறகுதான் உறுதி சொல்வானாம்.